மலையில் வீடு வாங்கி நாள்வாடகைக்கு விடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடு தேடும் பலரிடமும் இன்று ஒரே கணக்குத்தான் இருக்கிறது. வருஷத்தில் பதினைந்து இருபது நாள் குடும்பத்தோடு போய்த் தங்கிக்கொள்ளலாம், மிச்ச நாட்களில் ஆன்லைனில் போட்டு வாடகைக்கு விடலாம், வங்கித் தவணை அதிலேயே ஓடிவிடும். புரோக்கரும் "ரெடி இன்கம் சார், சீசனில் ரூம் கிடைக்காது" என்பார். வ்யூ, தண்ணீர், கார் போகும் வழி எல்லாவற்றையும் விசாரிக்கிறவர்கள், இந்தக் கட்டடத்தில் நாள்வாடகைக்கு ஆள் வைக்கச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் "இங்கே எல்லாரும் அப்படித்தான் விடுறாங்க" என்று பதில் வரும்.

அந்தப் பதிலை நம்பி வாங்கிவிடாதீர்கள். கொடைக்கானலில் 2019இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகளின்படி விதிமீறல் கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் வைத்தார்கள். நீலகிரியில் முதுமலையை ஒட்டிய சீகூர் பகுதியில், யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளை மூட 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழித்தட அறிவிக்கை செல்லும் என்று 2020 அக்டோபரில் இறுதியாகவும் சொல்லிவிட்டது. அங்கே பணம் போட்டவர்களுக்கும் "எல்லாரும் நடத்துகிறார்கள்" என்பதுதான் தைரியமாக இருந்திருக்கும்.

இந்த வழிகாட்டியை நீலகிரியையும் கொடைக்கானலையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கடற்கரைக்கும் மூணாறுக்கும் கடைசியில் ஒரு சிறு பகுதி உண்டு. படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதல் மூன்றிலேயே பாதி இடங்கள் கழிந்துவிடும். வக்கீல் செலவு மிச்சம்.

படி 1: நீங்கள் நடத்தப் போவது ஹோம்ஸ்டேதானா?

பெரும்பாலான திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஹோம்ஸ்டே என்ற சொல்லை இன்று எல்லா வாடகை வீட்டுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். அரசுக் கணக்கில் அதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'இன்கிரெடிபிள் இந்தியா' ஹோம்ஸ்டே திட்டப்படி, உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். விருந்தினருக்கு ஒதுக்கும் அறைகள் ஒன்றிலிருந்து ஆறு வரை இருக்கலாம், படுக்கைகள் 12க்கு மேல் கூடாது. அந்த ஊர்க் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஊரைத் தெரிந்துகொள்வதுதான் இதன் நோக்கம். தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் காலை உணவோடு தங்கும் வசதிக்கும் ஹோம்ஸ்டேக்கும் தனிப் பதிவு உண்டு.

இப்போது உங்கள் நிலையைப் பாருங்கள். சென்னையிலோ கோவையிலோ துபாயிலோ இருந்துகொண்டு, கேர்டேக்கர் ஒருவரை வைத்து, முழு வீட்டையும் ஆன்லைனில் விடப்போகிறீர்கள். உரிமையாளர் குடியிருக்க வேண்டும் என்ற முதல் நிபந்தனையே இதற்குப் பொருந்தாது. அப்படியானால் உங்களுடையது காட்டேஜ், அல்லது வணிக விடுதி. அதற்குக் கட்டட அனுமதியிலிருந்து மின் இணைப்பு வரை எல்லாமே வேறு. விற்பவர் "ஹோம்ஸ்டே லைசென்ஸ் வாங்கிக்கலாம் சார்" என்று சொன்னால், "நான் இங்கே குடியிருக்காமல் அது கிடைக்குமா?" என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு அங்கேயே தெளிவாகிவிடும்.

ஓய்வு பெற்றபின் மலையிலேயே குடியேறி, மேல்மாடி இரண்டு அறைகளை மட்டும் விருந்தினருக்கு விட நினைப்பவர்களுக்கு இந்தத் திட்டம் அச்சாகப் பொருந்தும். மலைக்கும் இதுதான் நல்லது என்பது என் எண்ணம். உரிமையாளர் வீட்டில் இருந்தால் இரவு ஒரு மணிக்கு ஸ்பீக்கர் ஓடாது, குப்பை பள்ளத்தில் போகாது, காட்டெருமையோடு செல்ஃபி எடுக்கப் போகிறவரைத் தடுக்க ஓர் ஆள் இருக்கும்.

அப்புறம் ஒன்று. சுற்றுலாத் துறைப் பதிவு கிடைத்தாலும் அது கட்டட அனுமதிக்குப் பதிலாகாது. இரண்டும் வேறு அலுவலகம், வேறு சட்டம்.

படி 2: இடம் யார் எல்லையில் வருகிறது?

'ஊட்டி' என்று விளம்பரம் சொல்லும் இடம் ஊட்டி நகராட்சிக்குள் இருக்க வேண்டியதில்லை. கேத்தி பேரூராட்சியாக இருக்கலாம், ஏதோ ஒரு கிராம ஊராட்சியாகவும் இருக்கலாம். 'கொடைக்கானல்' என்பது வில்பட்டியோ பூம்பாறையோ ஆகலாம். குன்னூர் பக்கம் வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் வந்தால் அதற்குத் தனி வாரியம், தனிச் சட்டம். கட்டட அனுமதி, சொத்துவரி, தொழில் உரிமம், குப்பைக் கட்டணம் எல்லாம் இந்த எல்லையைப் பொறுத்தே மாறும்.

அதற்கு மேலே நகர் ஊரமைப்புத் துறை இருக்கிறது. நீலகிரியின் ஆறு தாலுகாக்களும் கொடைக்கானலும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருபவை. 1990இல் அமைத்த இந்தக் குழுமத்தை அலுவலகங்களில் 'ஹாகா' என்பார்கள். சமவெளியில் சாதாரணமாகச் செய்துவிடக்கூடிய காரியங்களுக்குக்கூட மலையில் வனம், புவியியல், வேளாண் பொறியியல் என்று பல துறைகளின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். நீலகிரியில் ஜே.சி.பி. வைத்து மண் வெட்டவும் போர் போடவும் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். 'வாங்கியபின் பின்பக்கம் கொஞ்சம் வெட்டி இரண்டு அறை சேர்த்துக்கொள்ளலாம்' என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரி எப்படிச் சரிந்தது என்பதை அங்குள்ளவர்கள் யாரும் மறக்கவில்லை. இந்தக் கெடுபிடிகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

விற்பவரிடம் சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம், தாலுகா நான்கையும் கேட்டு வாங்குங்கள். நகர்ப் பகுதி என்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண். இதைக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

படி 3: கட்டட அனுமதியைக் கையில் வாங்கிப் படியுங்கள்

வழிகாட்டி முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, 'மேம்பாடு' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் புதிதாகக் கட்டுவது மட்டும் இல்லை. இருக்கிற கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் மேம்பாடுதான், அதற்கும் முன் அனுமதி வேண்டும். குடியிருப்பு என்று அனுமதி பெற்ற வீட்டை நாள்வாடகை விடுதியாக ஓட்டினால், ஒரு செங்கல்கூட வைக்காமலேயே விதிமீறல் கணக்கில் வந்துவிடும். அதே சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில்தான் நோட்டீஸ் கொடுப்பது, பூட்டிச் சீல் வைப்பது எல்லாம் வருகின்றன.

பிளான் அப்ரூவல் என்றதும் பலர் வரைபடத்தின் மேல் இருக்கும் முத்திரையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கூடவே ஓர் அனுமதி உத்தரவு இருக்கும். அதையும் கேளுங்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து இப்படிப் படியுங்கள்.

முதலில் 'பயன்பாடு' என்ற வரி. குடியிருப்பு என்று இருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா, தங்கும் விடுதி என்று தெளிவாகவே இருக்கிறதா? அடுத்தது யாருடைய பெயரில், எந்தத் தேதியில், எந்தச் சர்வே எண்ணுக்கு வழங்கியது. பக்கத்து மனையின் அனுமதியைக் காட்டி விற்கும் வேலையும் நடக்கிறது, அதனால் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அப்புறம் தளங்களும் பரப்பளவும். கடைசிப் பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கும். 'குடியிருப்பு நோக்கத்துக்கு மட்டும்' போன்ற வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு வரைபடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள், கையில் ஓர் அளவு டேப்போடு. மலைச்சரிவு வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு விஷயம் உண்டு. ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு தளம்தான் தெரியும். பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போனால், சரிவைக் குடைந்து கீழே இன்னொரு தளம், அதில் இரண்டு அறைகள், தனிக் குளியலறை, பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடி ஜன்னல். விளம்பரத்தில் 'ஹனிமூன் சூட்' என்று போட்டிருப்பது அதைத்தான். வரைபடத்தில் அந்த இடத்தில் தாங்கு சுவரும் மண்ணும் மட்டும் இருக்கும். அதிகம் வாடகை வரும் அறை, காகிதத்தில் இல்லாத அறை. விலையில் பாதிக்குக் காரணமான அந்தத் தளத்தை நீங்கள் வாங்கும்போதே ஒரு நோட்டீஸையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

"ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்று சொல்வார்கள். முறைப்படுத்த முடியும் என்றால் விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும். அதற்கு ஆறு மாதம் ஆனாலும் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை. முடியாது என்றால் அந்தத் தளத்தின் விலை பூஜ்யம் என்று வைத்துப் பேரம் பேசுங்கள். இன்னும் சொன்னால், இடிக்கும் செலவையும் கழிக்க வேண்டும்.

'பழைய பிரிட்டிஷ் காலத்து பங்களா, அப்போது அப்ரூவலே கிடையாது' என்று சில சொத்துகள் வரும். கட்டடம் பழையதாக இருக்கலாம். அதைப் பிரித்து ஆறு அறைகள் ஆக்கியது எப்போது, எந்த அனுமதியில் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

படி 4: நிலத்தின் சரித்திரம்

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு (நிலத்தின் வகையைக் குறித்துவைக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு), புல வரைபடம் நான்கையும் அரசின் இணைய சேவையில் பார்த்துவிடலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். இதெல்லாம் எந்தச் சொத்துக்கும் பொது. மலையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வேறு சில.

ஒன்று, தனியார் காடு. தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949இன் கீழ் அறிவிக்கப்பட்ட நிலமானால் அதை விற்கவும் அடகு வைக்கவும் குத்தகைக்கு விடவும் மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத கிரயம் செல்லாது. பட்டா நிலம்தானே என்று நினைத்துவிடாதீர்கள், பட்டா இருந்தாலும் இந்தப் பட்டியலில் வரலாம். நீலகிரியில் இதைச் சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

இரண்டு, கூடலூர், பந்தலூர் பக்கத்து ஜன்மம் நிலங்கள், அதாவது பழைய ஜமீன் போன்ற பரம்பரை உரிமையில் இருந்த எஸ்டேட் நிலங்கள். 1969ஆம் ஆண்டு ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் வழக்கு தலைமுறை தாண்டி ஓடுகிறது. விலை மலிவாக இருப்பதன் காரணம் அதுவாக இருக்கலாம். நாள்வாடகை வியாபாரத்துக்கு இந்த நிலம் வேண்டவே வேண்டாம் என்பேன்.

மூன்று, நிபந்தனைப் பட்டா. அரசு நிலமற்றவர்களுக்கு ஒப்படைத்த நிலம், பட்டியலின மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஆகியவை கைமாறியிருந்தால் பின்னாளில் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளும். 'அ' பதிவேட்டின் குறிப்புப் பகுதியைப் பாருங்கள், பழைய ஒப்படைப்பு ஆணையைக் கேளுங்கள். பஞ்சமி நிலம் யாருக்காக ஒதுக்கியது என்பதை நினைத்தாலே அதை வாங்கக் கூடாது என்பது விளங்கும்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் இந்தியாவில் வீடோ வணிகக் கட்டடமோ வாங்கலாம், விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. இது அந்நியச் செலாவணி மேலாண்மை விதி. 'அரை ஏக்கர் தேயிலைக்கு நடுவில் அழகான காட்டேஜ்' என்ற விளம்பரம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தத் தேயிலைதான் அங்கே சிக்கல்.

படி 5: வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள்

நகராட்சி அலுவலகத்தில் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொல்வார்கள். சொன்னவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போவார். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று போதும். 'இது சட்டப்படி சரியா?' என்று கருத்துக் கேட்டால் பதில் வராது. ஆவணமாகக் கேளுங்கள்:

- இந்தச் சர்வே எண்ணில் உள்ள கட்டடத்துக்கு வழங்கிய கட்டட அனுமதி உத்தரவு, வரைபடம் ஆகியவற்றின் நகல்
- இந்த இடம் முழுமைத் திட்டத்தில் எந்தப் பயன்பாட்டு வகையில் வருகிறது என்பதற்கான பதிவின் நகல்
- இந்தக் கட்டடத்தின் மீது கொடுத்த நோட்டீஸ், சீல் உத்தரவு, நிலுவை வழக்கு ஏதேனும் இருந்தால் அவற்றின் நகல்
- தங்கும் விடுதி நடத்த உரிமம் வழங்கியிருந்தால் அதன் நகல், காலாவதித் தேதி

முழுமைத் திட்டம் என்பது மாஸ்டர் பிளான்தான். கொடைக்கானலுக்கு 1993இல் வந்த மாஸ்டர் பிளானை வைத்தே பின்னாளில் அத்தனை வழக்குகளும் நடந்தன. குடியிருப்பு மண்டலம் என்று அதில் குறித்த இடத்தில் விடுதிக்கு அனுமதி கேட்டால் நில வகை மாற்றத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பையும் நினைத்துப் பாருங்கள்.

30 நாள் காத்திருக்க முடியாது, வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறார் என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். அந்த வேறு பார்ட்டி வாங்கிக்கொள்ளட்டும்.

படி 6: ஏற்கெனவே ஓடும் காட்டேஜ் என்றால்

'ரன்னிங் பிசினஸ்' என்று விற்பதில் இரண்டு மயக்கம் இருக்கிறது. ஆன்லைன் தளத்தில் ஐந்து நட்சத்திரத்தோடு பட்டியல் இருப்பது அனுமதிக்குச் சான்றாகாது. சட்டத்தைப் பின்பற்றுவது உரிமையாளரின் பொறுப்பு என்றுதான் அந்தத் தளங்களின் விதிமுறை சொல்லும். இரண்டாவது, விற்பவரின் பெயரில் உள்ள உரிமமும் பதிவும் கிரயப் பத்திரத்தோடு சேர்ந்து உங்களுக்கு வந்துவிடாது. நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இன்றைய விதியில்தான் உங்கள் மனுவைப் பரிசீலிப்பார்கள், விற்பவருக்குப் பத்து வருஷத்துக்கு முன் கிடைத்த சலுகை உங்களுக்குக் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை.

கேட்க வேண்டியவை: மின் கட்டண ரசீது, சொத்துவரி ரசீது, உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. தாக்கல், விருந்தினர் பதிவேடு. இவற்றுள் மின் ரசீது அதிகம் பேசும். நாள்வாடகை விடும் வீட்டில் வீட்டு இணைப்புக் கட்டணம்தான் ஓடுகிறது, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கழித்து வருகிறது என்றால், மின்வாரியம் இதை வீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆம் பிரிவின்படி, ஒரு பயன்பாட்டுக்கு வாங்கிய இணைப்பை வேறு பயன்பாட்டுக்கு ஓட்டினால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பிடலாம். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். சோதனை உங்கள் காலத்தில் வந்தால், பணம் கட்ட நிற்பது நீங்கள்.

அக்கம்பக்கத்தில் பத்து நிமிஷம் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மனு போட்டிருக்கிறாரா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் லாரித் தண்ணீரா, செப்டிக் டேங்க் நிரம்பினால் எங்கே போகிறது என்று கேளுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் துணைவிதிகளை வாங்கிப் படியுங்கள். அரசு அனுமதித்தாலும் சங்கம் நாள்வாடகையைத் தடுத்து வைத்திருக்கலாம். மலை ஊர்களில் உள்ளூர்க்காரர்கள் மாத வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைவது உண்மை. அவர்களோடு பகையில்லாமல் நடத்த முடியுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

படி 7: வாங்கினால் எந்தெந்தக் கடமை வரும்?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இவையெல்லாம் ஆடிட்டர் ஒருவரிடம் அரை நாளில் முடிகிற வேலை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம், உள்ளீட்டு வரிச் சலுகை (நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. நீங்கள் பதிவு செய்யாதவராக இருந்து ஆன்லைன் தளம் வழியாக அறை விட்டால், அந்த வரியைக் கட்டும் பொறுப்பு தளத்துக்குப் போகும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். 'சி ஃபார்ம்' என்று விடுதிக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு விருந்தினர், ஒரே ஓர் இரவு என்றாலும் இது கட்டாயம், கேர்டேக்கருக்குக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு.

நீலகிரி, கொடைக்கானல் இரண்டிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு. விருந்தினர் கொண்டுவந்ததாக இருந்தாலும் உங்கள் வாசலில்தான் குப்பை கிடக்கும். காட்டை ஒட்டிய இடமானால் இன்னும் கவனம் வேண்டும். 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை வீசியதில் ஒரு காட்டு யானை துடித்துச் செத்தது. அதன்பின் அந்தப் பகுதியில் அனுமதியில்லாத தங்குமிடங்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. யானை வரும் இடத்தில் கேம்ப் ஃபயரும் இரவு சஃபாரியும் காட்டி ஆள் பிடிக்க வேண்டியிருந்தால், அந்த வருமானமே நமக்கு வேண்டாம்.

படி 8: நாள்வாடகை இல்லாமல் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு 80 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 7.2 லட்சம் முதல் நாளே போய்விடும். நாளுக்கு 5,000 வீதம் வருஷத்தில் 120 இரவு போனால் 6 லட்சம் வருகிறது. கேர்டேக்கர் சம்பளம் மாதம் 15,000 என்றால் 1.8 லட்சம். வணிக மின்கட்டணம், தளத்தின் கமிஷன், சலவை, பெயின்ட், ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும் கூரை எல்லாம் போக இரண்டரை, மூன்று லட்சம் நிற்கலாம். 80 லட்சத்துக்கு வங்கி வட்டியோடு இதை ஒப்பிட்டால் முகம் மாறிவிடும்.

அந்த 120 இரவையும் உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உங்கள் வருமானத்தின் முக்கால் பங்கு வரும் அதே சீசனில்தான் இந்தக் கட்டுப்பாடும் வருகிறது. மலை தாங்கும் அளவு எவ்வளவு என்ற ஆய்வும் நீதிமன்றத்தின் பார்வையில் நடக்கிறது. போகிற திசை தளர்வாக இருக்காது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே நல்லது.

அதனால் இன்னொரு தாளில், நாள்வாடகை முற்றிலும் நின்றுபோனால் என்று எழுதுங்கள். மாத வாடகைக்கு ஒரு குடும்பத்துக்கு விட்டால் என்ன வரும், தவணையைச் சம்பளத்திலிருந்தே கட்ட முடியுமா? அப்படியும் இந்த வீடு வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். நாள்வாடகை வந்தால்தான் கட்டுப்படியாகும் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

படி 9: ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய வரி

விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் முன் வக்கீலிடம் இந்தப் பொருளில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

"மேற்படி கட்டடம் முழுவதும், இணைப்பில் உள்ள அனுமதி வரைபடத்தின்படியே கட்டப்பட்டுள்ளது என்றும், அதன் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு தங்கும் விடுதி என்றும், எந்த அலுவலகத்திலிருந்தும் நோட்டீஸ் நிலுவையில் இல்லை என்றும் விற்பவர் உறுதி கூறுகிறார். இதற்கு மாறாக ஏதேனும் கிரயத்துக்கு முன் எழுத்து மூலம் தெரியவந்தால், முன்பணம் முழுவதையும் 30 நாட்களுக்குள் திருப்பித் தர விற்பவர் சம்மதிக்கிறார்."

அனுமதி குடியிருப்புக்கு மட்டும்தான் என்று தெரிந்தே வாங்குகிறீர்கள் என்றால், அந்த இடத்தில் 'குடியிருப்பு' என்றே எழுதுங்கள், விலையும் குடியிருப்பு வீட்டின் விலையாக இருக்கட்டும். விற்பவர் இந்த வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்கினால் அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

கடற்கரைக்கும் மூணாறுக்கும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்ப்பவர்கள், கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பாயும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாமல்லபுரத்தில் கூடுதலாகத் தொல்லியல் துறையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டடத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதியோடு மட்டும். பழுதுபார்க்கவும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூணாறு, தேவிகுளம் பக்கம் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய வாங்குகிறார்கள். அங்கே கேள்வியே வேறு. கேரள நில ஒதுக்கீட்டு விதிகள், 1964இன்படி விவசாயத்துக்கும் வீட்டுக்கும் என்று அரசு கொடுத்த நிலத்தில் பட்டயத்திலேயே நோக்கம் எழுதியிருக்கும். அதில் ரிசார்ட் நடத்துவது நிபந்தனை மீறல். இதைச் சீராக்க 2023இல் கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வாங்கும் முன் பட்டயத்தின் நகலை எடுத்துக்கொண்டு, மலையாளம் படிக்கத் தெரிந்த, இடுக்கி மாவட்டத்தில் நில வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். மதுரை வக்கீலும் சென்னை வக்கீலும் இதற்குப் போதாது. வில்லேஜ் ஆபீஸ், பஞ்சாயத்து இரண்டிலும் அவரே நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்த்து எழுத்தில் அறிக்கை கொடுக்கும்படி கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.